பூசலார் கட்டிய கோயிலும் நாம் எழுதிய புள்ளிப் புத்தகமும்



சென்ற மாதம் வெள்ளிக்கிழமைப் பூசை நிறைவில் மண்டபத்தில் நாம் பேசியதை எழுத்தில் தருமாறு சபைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பேச்சின் நடுவே ஒலிபெருக்கி இரண்டு முறை நின்றுபோனதாலும், அன்னதான வேலைக்காகத் தாய்மார் சிலர் இடையில் எழுந்து போக நேர்ந்ததாலும், பலருக்கு முழுவதும் கேட்கவில்லை என்று அறிந்தோம். அன்று அவசரத்தில் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

பூசலார் நாயனார் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திருநின்றவூரில் வாழ்ந்த அவருக்குச் சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க வேண்டும் என்று ஆசை. கையில் பொருள் இல்லை. தேடிய இடங்களிலும் கிடைக்கவில்லை. எனவே மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். மனத்தாலேயே நிதி திரட்டினார். கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரை அழைத்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். விமானம் எழுப்பி, சுதை வேலை முடித்து, கிணறு, திருக்குளம், மதில் எல்லாம் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். முதல்நாள் இரவு இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாளை பூசல் என்ற அன்பனின் ஆலயத்துக்குப் போகிறோம், நீ வேறொரு நாள் வைத்துக்கொள் என்று அருளினார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து, அந்த ஆலயம் எங்கே என்று கேட்டபோது ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மனம் தூய்மையாக இருந்தால் போதும் என்ற அளவில் முடித்துவிடுவது எமது வழக்கம். கணக்காளராகிய எமது கண்ணில் வேறொன்று படுகிறது. பூசலாருக்குப் பார்வையாளர் இல்லை. உபயகாரர் பெயர்ப்பலகை இல்லை. கட்டி முடித்தால் பொன்னாடை போர்த்தச் சபை இல்லை, கட்டாமல் விட்டால் குறை சொல்லவும் ஆளில்லை. அப்படியிருக்க, ஒரு கல்லையும் விடாமல் அத்தனை நாளும் அந்த வேலையில் அவரை நிறுத்தி வைத்தது எது?

ஒருவர் ஒரு செயலை ஏன் தொடர்ந்து செய்கிறார், செய்யும்போது மனம் ஏன் அங்கே நிற்கிறது அல்லது நிற்க மறுக்கிறது என்பதை உளவியல் அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த காலத்தில் முகாமைத்துவப் பாடத்தில் ஊக்கல் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. மாஸ்லோ, ஹேர்ஸ்பேர்க் என்ற பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தோம். மீண்டும் அவ்விடயத்தைத் தேடிப் படிக்க வைத்தது எமது மகள். அதைச் சொல்லுமுன் எமது குற்றத்தைச் சொல்லவேண்டும்.

எமது ஆலயத்தின் ஞாயிறு சமய வகுப்புக்கு 2015 இல் புள்ளிப் புத்தகம் ஒன்றை ஏற்படுத்தியவர்கள் நாமே. வருகைக்கு 10 புள்ளி. திருநீறு அணிந்து வந்தால் 5. ஒரு தேவாரத்தை மனனம் செய்து ஒப்பித்தால் 20. விஜயதசமி அன்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து முதல் மூவருக்கு வெற்றிக் கிண்ணம், ஏனையோருக்குச் சான்றிதழ். பேரேட்டைப் போலக் கோடு போட்டுச் சிவப்பு மையில் கூட்டுத்தொகை எழுதி வைத்தோம். முதல் இரண்டு ஆண்டுகளும் வகுப்பு நிரம்பி வழிந்தது. சபையின் ஆண்டறிக்கையில் எமது பெயரும் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

மூன்றாம் ஆண்டளவில் ஒரு மாற்றத்தைக் கண்டோம். பிள்ளைகள் ஆகக் குறுகிய பாட்டாகப் பார்த்துத் தேடத் தொடங்கினார்கள். நாலு வரிக்கும் 20 புள்ளி, எட்டு வரிக்கும் 20 புள்ளி என்றால் எட்டு வரியைப் பாடமாக்குவது யார்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாமும் அந்த வயதில் அந்தக் கணக்கையே போட்டிருப்போம். இன்னொன்று, பதின்மூன்று பதினான்கு வயதானதும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வகுப்பிலிருந்து மறைந்தார்கள். படிப்புக் கூடிவிட்டது என்று பெற்றார் சொன்னார்கள். நாமும் நம்பினோம்.

2009 இல் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இந்நாட்டுக்கு வந்த எமது மகளுக்கு 2023 இல் பதினைந்து வயது. வீட்டு அலுமாரியில் அவளுடைய கிண்ணங்கள் ஐந்து இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வெளிக்கிடு என்று சொன்னபோது அவள் அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, நான் எல்லாக் கப்பும் எடுத்திட்டன். இனி ஏன் வரவேணும்?"

அவள் துடுக்காகப் பேசவில்லை என்பதே எம்மைத் தைத்தது. நாம் எழுதி வைத்த விதிப்படி அவள் கணக்கை முடித்துவிட்டாள். மீதி எதுவும் இல்லை.

இனி ஆய்வுக்கு வருவோம். 1973 இல் வெளியானது இது. அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் முன்பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிறீன், றிச்சர்ட் நிஸ்பெற் என்ற மூவர், நிறப் பேனைகளால் படம் கீறுவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் 51 பேரைத் தெரிந்தெடுத்து மூன்று பிரிவாக்கினார்கள். முதற் பிரிவினருக்கு, படம் கீறினால் நாடா கட்டிய அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கீறியபின் கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு எதுவும் சொல்லவில்லை. கீறி முடித்த பிறகு எதிர்பாராத விதமாக அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குச் சொல்லவுமில்லை, கொடுக்கவுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பறையில் நிறப் பேனைகளை வைத்துவிட்டு, விரும்பியதைச் செய்ய விட்டு, ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நேரத்தை அளந்தார்கள். முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் ஏனைய இரு பிரிவினரும் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழ அரைவாசியையே படம் கீறுவதில் செலவிட்டார்கள். பரிசுக்காகக் கீறிய படங்களின் தரமும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது.

பரிசு கேட்காமலே விளையாட்டாகக் கீறிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். பரிசு பேசியதும் விளையாட்டு வேலையாயிற்று. சான்றிதழ் கூலியாயிற்று. கூலி நின்றதும் வேலையும் நின்றது.

இரண்டாம் பிரிவினரை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் அதே சான்றிதழ்தான் கிடைத்தது, ஆனால் ஆர்வம் குறையவில்லை. ஆகவே குற்றம் பரிசில் இல்லை, 'இதைச் செய்தால் அது' என்ற ஒப்பந்தத்தில் இருக்கிறது. எமது ஆலயங்களில் இதற்கு நல்ல உதாரணம் பிரசாதம். பாடினவருக்கும் பாடாதவருக்கும், பிந்தி வந்தவருக்கும், வாசலில் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போகிறவருக்கும் ஒரே சர்க்கரைப் பொங்கல். அதை எவரும் கூலி என்று எண்ணுவதில்லை. எமது முன்னோர் பிரசாதத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டது பெரும் புண்ணியம்.

பேச்சு முடிந்ததும் மூத்த அன்பர் ஒருவர் எழுந்து, திருவீழிமிழலையில் சம்பந்தப் பெருமானுக்கும் அப்பர் பெருமானுக்கும் இறைவனே படிக்காசு கொடுத்தாரே, அது பரிசு இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபின் தோன்றியது இது: அந்தக் காசு பஞ்சத்தில் வாடிய அடியார்களுக்கு அமுது படைக்கக் கிடைத்தது. பதிகம் ஒன்றுக்கு இத்தனை காசு என்று எவரும் பேசிக்கொள்ளவில்லை. காசு வராத நாளிலும் அவர்கள் பாடியவர்களே.

எட்வேர்ட் டெசி என்பவர் 1971 இல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கட்டைப் புதிர்களைக் கொடுத்து, தீர்த்த புதிர் ஒன்றுக்கு ஒரு டொலர் வீதம் கொடுத்துப் பார்த்தார். பணம் நின்றபின் அவர்களின் ஆர்வமும் தளர்ந்தது. 1999 இல் டெசியும் றிச்சர்ட் றயன், றிச்சர்ட் கோஸ்ற்னர் ஆகியோரும் இத்தகைய 128 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, முன்கூட்டியே பேசப்பட்ட கைப்பொருட் பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணவேண்டாம். கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தினர் 1994 இலேயே வேறு கணக்குப் போட்டு, இந்தப் பயம் மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிட்டார்கள். ஆர்வமே இல்லாத வேலைக்குப் பரிசு கொடுப்பதால் பெரிய கெடுதல் இல்லை என்பதில் இரு பக்கத்தாருக்கும் அதிக பேதமில்லை, கெடுவதற்கு அங்கே எதுவும் இல்லையே. ஆகவே எமது பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஐந்து வயதில் மணியோசை கேட்டதும் ஓடிவந்து தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிள்ளைக்கு ஆர்வம் இல்லாமலா இருந்தது?

சரி, பரிசு பலிக்காவிட்டால் அடுத்தது என்ன? அன்று மாலை நாம் செய்ததைத்தான் இங்குள்ள பெற்றார் பலரும் செய்திருப்பீர்கள். "வராட்டிச் சாமி கோவிக்கும். சனம் என்ன கதைக்கும் தெரியுமே?" என்று சத்தம் போட்டோம். சாமி கண்ணைக் குத்தும் என்று எமக்குச் சின்ன வயதில் சொன்னார்கள், அதன் பதினைந்து வயதுப் பதிப்பு இது.

இவ்விடத்தில்தான் எம்மை மிகவும் சிந்திக்க வைத்த ஆய்வு வருகிறது. றிச்சர்ட் றயனும் வேறு இருவரும் 1993 இல் வெளியிட்டது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம், நீங்கள் ஏன் பிரார்த்தனை செய்கிறீர்கள், ஏன் தேவாலயத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டு, மறுமொழிகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். போகாவிட்டால் குற்றவுணர்ச்சி வரும், மற்றவர்கள் குறைவாக எண்ணுவார்கள், கடவுள் கோபிப்பார் என்பது ஒரு வகை. இது எனக்குப் பெறுமதியானது, நான் வாழ விரும்பும் வாழ்க்கை இது என்பது மற்றது. வெளியே நின்று பார்த்தால் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். உள்ளத்தின் நிலையை அளந்தபோதோ வேறுபாடு தெரிந்தது. சமயத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டவர்களிடம் மன நலமும் சுயமதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. பயத்தாலும் குற்றவுணர்ச்சியாலும் வழிபட்டவர்களிடம் பதற்றமும் சோர்வும் கூடுதலாகக் காணப்பட்டன. முதல் வகையை மெல்லாமல் விழுங்கிய உணவுக்கு ஒப்பிடலாம். வயிற்றுக்குள் இருக்கிறது, உடம்பில் சேரவில்லை.

இது கிறிஸ்தவர்களிடம் செய்த ஆய்வு. சைவர்களிடம் அப்படியே பொருந்தும் என்று நாம் சத்தியம் செய்யமாட்டோம். மேலும் இரண்டு எண்கள் ஒன்றாக ஏறி இறங்கினால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று கணக்காளர் எவரும் எழுதமாட்டார். மனம் சோர்ந்தவர்கள்தான் பயத்தோடு வழிபடுகிறார்களோ என்றும் கேட்கலாம். ஆயினும் எமது மண்டபத்தில் நின்று சுற்றிப் பார்த்தபோது இரண்டு வகையினரையும் கண்டோம். எம்மையும் கண்டோம், முதல் வகையில்.

சனம் என்ன கதைக்கும் என்று நாம் சத்தம் போட்டதற்கு மகள் சொன்ன மறுமொழி அப்படி: "நீங்கள் மட்டும் கும்பிடுறீங்களோ? அண்டைக்குத் தைப்பூசத்தண்டு முழுக்கப் போனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

2018 இல் தைப்பூசம் ஜனவரி 31 இல் வந்தது. இங்கிலாந்தில் தனிநபர் வருமானவரிக் கணக்கு ஒப்படைக்கும் கடைசி நாளும் அதுவே. இரவு பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் 100 பவுண் தண்டம். முருகப்பெருமானுக்குப் பாலாபிஷேகம் நடந்துகொண்டிருக்க, நாம் வாடிக்கையாளர் இருவரின் பத்திரத்துக்காகச் செய்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறு ஆண்டு, ஏழு ஆண்டு கழிந்தாலும் பிள்ளைகள் இப்படியானவற்றை மறப்பதில்லை. அன்று அவளுக்கு வயது பத்து.

மனம் ஓரிடத்தில் நிற்பதைப் பற்றி 2010 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியூ கில்லிங்ஸ்வேர்த், டானியல் கில்பேர்ட் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2250 பேருக்குக் கைத்தொலைபேசி மூலம் எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கு 46.9 தடவை மனம் செய்யும் செயலில் இருக்கவில்லை. அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. இனிமையான விடயங்களை நினைத்து அலைந்தால்கூட, செய்யும் செயலில் மனம் வைத்திருந்தவர்களைவிட அவர்கள் கூடுதலாக மகிழ்ந்திருக்கவில்லை. கணக்கில் தொங்கல் கணக்கு என்று ஒன்று உண்டு. பரீட்சை மீதி பொருந்தாதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். எமது நாளில் ஏறத்தாழ அரைவாசி தொங்கல் கணக்கில் கிடக்கிறது என்று அதைப் படித்தபோது எண்ணினோம்.

இங்கே பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் மைன்ட்புல்னெஸ் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இருக்கும் இடத்தில் விழிப்போடு இருத்தல் எனலாம். மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபற்-சின் என்பவர் 1979 இல் நாட்பட்ட நோவுடையவர்களுக்காகப் பயிற்சியாக இதைத் தொடக்கினார். பௌத்தத் தியான முறையிலிருந்து பெரிதும் எடுத்ததே. இப்படி ஒன்றைக் கேட்டதும், இதையெல்லாம் எமது முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவது எம்மவர் வழக்கம். சொன்னார்கள்தான். ஆனால் அளந்து பார்த்தவர்கள் இவர்கள். அந்த உழைப்பை மதிப்போம். பலன் எவ்வளவு என்பதிலும் அவர்கள் நேர்மையாகவே எழுதுகிறார்கள். 2014 இல் 3515 பேர் பங்குகொண்ட 47 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தவர்கள், பதற்றம், மனச்சோர்வு, நோவு ஆகியவற்றில் மிதமான அளவு நன்மை உண்டு என்றார்கள். அதிசயம் என்று சொல்லவில்லை.

எமது விடயத்துக்கு நேராக வருவது கேர்க் வொறன் பிறவுண் என்பவரும் அதே றிச்சர்ட் றயனும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு. விழிப்பை அளக்கப் பதினைந்து கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலைச் செய்தார்கள். உண்பதே தெரியாமல் எதையாவது கொறிப்பது, போய்ச் சேர்ந்தபின் எப்படி வந்தேன் என்று வியக்குமளவு இயந்திரம்போல வாகனம் ஓட்டுவது, கவனமின்றிப் பொருட்களை உடைப்பது என அன்றாட வாழ்வின் மறதிகளே அதில் உள்ளன. விழிப்புக் கூடியவர்களிடம் மன நலமும் கூடியிருந்தது என்பது எதிர்பார்த்ததுதான். அதைவிட முக்கியமானது, மனிதர் விழிப்போடு இருந்த வேளைகளில், தாம் செய்வதைத் தமது விருப்பத்தால் செய்வதாக உணர்ந்தார்கள் என்பது. மனம் செயலில் நிற்பதும், செயல் தன்னுடையது என்று எண்ணுவதும் சேர்ந்தே வருகின்றன. பூசலாரிடம் நாம் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடைதான் போலும். கூலிக்கும் பயத்துக்கும் செய்தால் மனம் கூலியையும் பயத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும், மூலஸ்தானத்தைப் பார்க்காது. ஜனவரி 31 அன்று எமக்கு நடந்தது வேறென்ன? வழமைக்காக வந்தோம், உடம்பு நின்றது.

அப்படியானால் பிள்ளைகளுக்கு இந்த விழிப்பைப் பாடமாக வைக்கலாமே என்று தோன்றும். ஒக்ஸ்போர்ட் அறிஞர்கள் முன்னின்று, இந்நாட்டில் எண்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பதின்ம வயதினரிடம் அதைச் சோதித்தார்கள். 2022 இல் வெளியான முடிவு: வழமையான பாடத்தைவிட மேலதிக நன்மை காணவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. கால அட்டவணையில் போட்டதும் அதுவும் இன்னொரு பாடமாகிவிட்டது.

இதையெல்லாம் வைத்து, பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்வதாக எண்ணிச் சில பெற்றார் எம்முடன் கோபித்தார்கள். விடச் சொல்லவில்லை. 1984 இல் கோஸ்ற்னரும் றயனும் வேறு இருவரும் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள். ஊற்றிச் சிந்தக்கூடாது என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுதான். சிலருக்கு அதைக் கட்டளையாகச் சொன்னார்கள். சிலருக்கு, வண்ணத்தை அள்ளிப் பூசுவது மகிழ்ச்சி என்று தெரியும், ஆனாலும் அடுத்து வரும் பிள்ளைகளுக்குப் பொருட்கள் துப்புரவாக இருக்கவேண்டும் என்று காரணத்தோடு சொன்னார்கள். கட்டளை கேட்ட பிள்ளைகளிடம் ஆர்வமும் படத்தின் நயமும் குறைந்தன. காரணம் கேட்டவர்களிடம் அப்படிக் குறையவில்லை. விதி இருந்தது, பிள்ளையின் மனத்தைப் புரிந்துகொண்ட சொல்லும் இருந்தது.

எமது ஆலயத்தில் பிள்ளைகள் காதில் விழும் சொற்களை ஒரு வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தோம். ஓடாதே, கதைக்காதே, கும்பிடு, நீறு பூசு, நேரே நில். ஏன் என்று ஒரு தடவையாவது சொல்லக் கேட்கவில்லை. மகளிடம் சில வாரம் கழித்து, கோபம் ஆறியபின், உனக்கு அங்கே என்ன பிடிக்கவில்லை என்று கேட்டோம். இப்படிக் கேட்பதற்கு எமக்குப் பதினைந்து ஆண்டு எடுத்தது. ஐந்து கிண்ணங்கள் பெற்றுத் தந்த பாட்டுகளில் ஒன்றுக்காவது பொருள் தெரியாது என்றாள். மாலை கட்டும் ஆச்சியோடு இருந்து பூத் தொடுப்பது மட்டும் பிடிக்கும் என்றாள். அந்த ஆச்சி அவளிடம் எதையும் ஒப்பிக்கச் சொல்வதில்லையாம், பாடசாலைக் கதை கேட்பாராம். பூத் தொடுப்பது சரியை. அப்பர் பெருமான் உழவாரம் பிடித்துப் புல் செதுக்கியதும் அதுவே. எமது நெறி கைவேலையில் தொடங்குகிறது என்பதை மறந்து, நாம் மனனத்தில் தொடங்கினோம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழைக்குள் எல்லோரும் நடந்த அந்த இரவை உங்களில் பலருக்கு நினைவூட்டத் தேவையில்லை. எமக்குப் பதினான்கு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஐந்து குடும்பங்களோடு ஒதுங்கினோம். அடுத்த நாட் காலை எமது அம்மா வெளியே போய் ஈரமண் எடுத்துப் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் ஒன்றைக் குத்தி, யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அதன் முன்னே நின்றார். எம்மைக் கூப்பிடவில்லை. கும்பிடு என்று சொல்லவில்லை. சுற்றிவரச் சத்தம், பால்மாவுக்கு வரிசை, தொலைந்த பிள்ளைகளைத் தேடும் கூக்குரல். அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். தம்பியும் நாமும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றோம். ஏன் போனோம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. புள்ளி கிடைக்கும் என்றல்ல.

இப்போது சபையின் முன் ஒரு விடயம் இருக்கிறது. வருகிற விஜயதசமி தொடக்கம் புள்ளிப் புத்தகத்தையும் கிண்ணங்களையும் நிறுத்திவிடலாம் என்று, அவற்றைக் கொண்டுவந்த நாமே முன்மொழிந்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, பாட்டுக் குறைவாகவும் பொருள் கூடுதலாகவும் சொல்லிக் கொடுப்பது, பெரியவர்களோடு சேர்ந்து மாலை கட்டுதல், மடைப்பள்ளி வேலை, வீதி துப்புரவாக்கல் என்பவற்றில் எது வேண்டுமோ அதைப் பிள்ளைகளே தெரிவது, பூசை நேரத்தில் பெரியவர்களின் கைத்தொலைபேசிகளை வாசலில் பெட்டியில் வைப்பது என்பன யோசனைகள். கடைசி யோசனைக்குத்தான் எதிர்ப்புக் கூட. "பரிசு இல்லாட்டி ஒருத்தரும் வரமாட்டினம்" என்று உறுப்பினர் ஒருவர் சொன்னார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நாற்பது பிள்ளைகள் பதினைந்தாகக் குறையலாம், அப்படிக் குறைந்தால் வகுப்புக்கு மண்டபம் எடுக்கும் செலவைச் சபை தாங்குமா என்ற கேள்வியும் உண்டு. பொருளாளர் என்ற முறையில் அந்தக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறோம். கூட்டுத்தொகை நன்றாயில்லை.

மகள் இப்போது சில வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள், சிலவற்றில் வருவதில்லை. வந்தால் நேரே பூக்கூடைப் பக்கம் போய்விடுகிறாள். தீபாராதனைக்குச் சில நாள் எழுந்து வருகிறாள். நாம் கேட்பதில்லை. எமது கைத்தொலைபேசி இப்போது வாகனத்திலேயே கிடக்கிறது. அதுவும் முதல் சில வாரம் கை தானாகச் சட்டைப்பையைத் தேடியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பொதுக்கூட்டம் அடுத்த மாத முதல் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் நடைபெறும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், அவர்களும் பேச நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. 2015 இலிருந்து எழுதிய புள்ளிப் புத்தகங்களை மேசையில் வைப்போம். விரும்பியவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.